எஃப்டெலிங் போகிறீர்களா? முதலில் காட்டுக்குள் நடங்கள்

நெதர்லாந்தில் குழந்தைகளோடு இருக்கிற தமிழ்க் குடும்பங்களில், அதிலும் எங்களைப் போல ஐந்தோவன் நகரத்துப் பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்களில், எஃப்டெலிங் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகாத வீடு அபூர்வம். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்தால் ஆம்ஸ்டர்டாமில் படகுச் சவாரி, டியூலிப் தோட்டம், அப்புறம் எஃப்டெலிங் என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஆனால் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பாதிப் பேர் பேசுவது வரிசையில் நின்ற கதைதான். இதற்கு இவ்வளவு நேரம் நின்றோம், அதற்கு நிற்க முடியாமல் திரும்பிவிட்டோம், பையன் அழுதுவிட்டான், கால் வலி. கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த இடத்தின் உயிர் இருப்பது நிற்கவே வேண்டாத ஒரு பகுதியில். அதை மத்தியானத்துக்கு மேல் களைத்துப்போய், தள்ளுவண்டியில் தூங்குகிற பிள்ளையோடு அவசரமாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள்.

அந்தப் பகுதிக்குப் பெயர் ஸ்ப்ரோக்யெஸ்போஸ், அதாவது கதைக்காடு. 1952 மே மாதக் கடைசியில் வடக்கு பிராபன்ட் மாகாணத்தின் காட்ஸ்ஹூவல் கிராமத்தில் இந்தக் காடு திறந்தபோது அதில் பத்து கதைகள் இருந்தன, இப்போது முப்பது அளவுக்கு வளர்ந்திருக்கிறது. நாம் பார்க்கிற ராட்டினங்கள், ரோலர் கோஸ்டர்கள் எல்லாம் பல ஆண்டுகள் கழித்துச் சுற்றிலும் வந்தவை. பைத்தான் என்கிற முதல் பெரிய கோஸ்டரே 1981இல்தான் வந்தது. காட்டை வரைந்து கொடுத்தவர் அன்டன் பீக் என்ற ஓவியர். அட்டையிலும் பிளாஸ்டர் பூச்சிலும் செட் போடுகிற வேலை என்றால் எனக்கு வேண்டாம், உண்மையான செங்கல், உண்மையான மரம், உண்மையான ஓடு என்றால் வருகிறேன் என்று சொல்லித்தான் அவர் ஒப்புக்கொண்டாராம். பொம்மைகளை ஆடவும் பேசவும் வைத்தவர் பீட்டர் ரைண்டர்ஸ். அவர் எங்கள் ஐந்தோவன்காரர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளைகள் அங்கே எதைத் தொட்டாலும் அது கல்லாகவோ மரமாகவோ இருக்கிறது, பாசி பிடித்திருக்கிறது, கதவுக் கைப்பிடி குளிர்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அவன் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பதுதான் அதிகம்.

நாங்கள் போன சமயம் என் மாமியார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. அலுவலகத்தில் என் கணவரிடம் எல்லோரும் சொன்னது ஒரே அறிவுரை: காலையில் கதவு திறந்ததும் பெரிய ரைடுகளுக்கு ஓடுங்கள், கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம், காட்டை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது சரிதான். ஆறும் மூன்றும் உள்ள வீட்டுக்கு அது சரியே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சின்னப் பிள்ளைக்கு நாளின் நல்ல நேரம் காலை இரண்டு மூன்று மணி நேரம்தான், அப்போதுதான் அதற்குக் கண்ணும் காதும் முழுதாகத் திறந்திருக்கிறது, கேள்வி கேட்கிறது, சின்னதற்கெல்லாம் சிரிக்கிறது. அந்த நேரத்தை வரிசைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்துச் செலவழிப்பதில் என்ன லாபம்?

அதனால் எங்கள் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது, அது வீட்டிலேயே தொடங்கிவிட்டது. காட்டில் பொம்மைகள் பேசுவது டச்சு மொழியில். கதையின் சுருக்கம் புத்தகம் போன்ற பலகைகளில் நாலு மொழிகளில் எழுதியிருக்கும், ஆனால் அதை நின்று படித்துச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை அடுத்த வளைவுக்கு ஓடியிருக்கும். கதை தெரியாமல் போனால் அங்கே இருப்பது தலை ஆட்டுகிற பொம்மை, அவ்வளவுதான். கதை தெரிந்து போனால் அது நேற்று ராத்திரி நாம் விட்டுவிட்டு வந்த இடம். போவதற்கு முந்தைய வாரங்களில் பெரியவள் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதைகளை ஒவ்வொன்றாக அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் திணறுவாள், அத்தை எடுத்துக் கொடுப்பார். பிறகு அதே கதையை அத்தை தன் பாணியில் சின்னவனுக்குச் சொல்வார். ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் கதையை அவர் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும். ஆடு வளர்த்த கை அது, குட்டிகள் எங்கெங்கே ஒளியும், எந்தக் குட்டி முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நிற்கும் என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது.

எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமி, ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும், ஹான்ஸலும் கிரெட்டலும், ஸ்னோ ஒயிட், தூங்கும் இளவரசி, ராப்பன்ஸல், தவளை ராஜா, இவை போதும். கூடவே ஒரு ராஜகுமாரனும் அவனுடைய ஆறு வேலையாட்களும் என்ற கதையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது அவ்வளவாகப் பரவவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவனுக்குக் கழுத்தை நீட்டி உலகத்தின் ஓரம் வரை பார்க்க முடியும். எஃப்டெலிங்கின் மிகப் புகழ்பெற்ற உருவம் அவன்தான், லாங்நெக் என்பார்கள், 1952 முதல் அங்கே உட்கார்ந்திருக்கிறான். கழுத்து மெல்ல மெல்ல எழும்பி மரங்களுக்கு நடுவே மேலே போய் நின்று, கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கும். சின்னவன் தன் கழுத்தையும் கூடவே நீட்டிக்கொண்டு நின்றான், அங்கிருந்து நகர்த்துவது பெரிய வேலையாகிவிட்டது.

டிக்கெட் விஷயம். மூன்று வயது வரை இலவசம், நான்கு வயதிலிருந்து முழு டிக்கெட். விலை நாளுக்கு நாள் மாறும், கூட்டம் எதிர்பார்க்கிற நாளில் அதிகம், அதனால் தேதியை முடிவு செய்து இணையத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. கார் நிறுத்த தனிக் கட்டணம். எந்த நாள் என்பதுதான் முக்கியம். இங்கே பள்ளி விடுமுறைகளில் பலவற்றை வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று பகுதிகளாகப் பிரித்து விடுவார்கள், உங்கள் பகுதிக்கு விடுமுறை இல்லை என்பதால் கூட்டம் இருக்காது என்று நினைக்கக் கூடாது, மற்ற இரண்டு பகுதிகளையும் பார்க்க வேண்டும். புதன்கிழமை மத்தியானம் பல ஆரம்பப் பள்ளிகள் சீக்கிரம் விட்டுவிடும், அன்று சாயங்காலம் கூட்டம் ஏறும். இந்த நாட்டில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்குகிறது, எனவே வீட்டில் இருப்பது எல்லாம் ஐந்துக்குக் கீழே என்றால் விடுமுறை இல்லாத ஒரு செவ்வாயோ வியாழனோ போவதைப் போல் நிம்மதி வேறில்லை. எங்களுக்குப் பெரியவளின் பள்ளிக்கூடம் இருந்ததால், ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளியே விடுமுறை விட்ட ஒரு வார நாளைப் பிடித்தோம். ஒவ்வொரு பள்ளியும் அந்த நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடும், நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டோம். காட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ரைடு மட்டும் ஏறினோம், டிரோம்ஃப்ளுக்ட். 1993இல் வந்தது. மேலே தண்டவாளத்தில் தொங்குகிற கூடையில் உட்கார்ந்து இருட்டுக்குள் தேவதைகளின் தோட்டம், மிதக்கிற கோட்டைகள், குள்ளர்களின் காடு என்று போகும். அதைக் காலையிலேயே பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது, காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அப்புறம் நாள் முழுக்க அங்கே வரிசை குறைவதில்லை. கடைசியில் கூடை கொஞ்சம் வேகமாகச் சுழன்று இறங்கும், சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான், வெளியே வந்ததும் மறுபடி என்றான். அத்தைக்குக் கண் கலங்கியிருந்தது. என்ன அத்தை என்று கேட்டேன். “இம்புட்டு அழகா ஒண்ண இந்த வயசுல பாக்குறேனே தாயி” என்றார்.

பிறகு காடு. இங்கே ஒரே ஒரு விதிதான் வைத்தோம், முன்னால் நடப்பது பிள்ளைகள், பெரியவர்கள் பின்னால். எங்கே நிற்கிறார்களோ அங்கே நிற்பது. சிவப்புத் தொப்பிச் சிறுமி பாட்டி வீட்டு வாசலில் மணி அடித்துக்கொண்டிருப்பாள், பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கட்டிலில் பாட்டியின் தொப்பி போட்ட ஓநாய். பெரியவள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து அந்தச் சிறுமியிடம், தமிழில், “உள்ள போகாத” என்று சொன்னாள். ராப்பன்ஸல் கோபுரத்தில் கூந்தலைப் பிடித்துச் சூனியக்காரி ஏறிக்கொண்டிருப்பாள். தூங்கும் இளவரசியின் கோட்டையில் காவலாளி முதற்கொண்டு எல்லோரும் தூக்கம், இளவரசியின் மார்பு மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அங்கே வருகிற எல்லாக் குழந்தைகளும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், இதைக் கொஞ்ச நேரம் ஓரமாக நின்று கவனியுங்கள். வழியோரக் காளான்களிலிருந்து மெல்லிய இசை வருகிறது. குனிந்து காது வைத்துக் கேட்கிற உயரத்தில் இருப்பதால் பெரியவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு கிளி இருக்கிறது, அது நாம் சொல்வதைத் திருப்பிச் சொல்லும். 1952இல் இருந்தே இருக்கிற ஒன்று. எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் டச்சிலும் ஜெர்மனிலும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். சின்னவன் முன்னால் போய் “அப்பத்தா” என்றான். கிளியும் அப்பத்தா என்றது. அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பின்னால் நின்ற டச்சுக் குடும்பத்துக்குப் புரிந்ததோ இல்லையோ, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குப் பின்னால் எங்கள் வீட்டில் தெரிந்த அத்தனை பெயரையும் அந்தக் கிளி சொல்ல வேண்டியிருந்தது. காலையில் போனதால்தான் இது முடிந்தது. மத்தியானத்தில் அந்த இடத்தைக் கடந்தபோது ஒரு சொல் சொல்லக்கூட முறை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அத்தைக்குப் பிடித்துப்போனது பறக்கும் பக்கிரி. நம் நாட்டுப் பக்கிரி ஒருவர் கோபுரத்தில் உட்கார்ந்து குழல் ஊதுவார், கீழே டியூலிப் பூக்கள் தலைகாட்டும், பிறகு கம்பளத்தோடு காற்றில் மிதந்து எதிர்க் கோபுரத்துக்குப் போய்விடுவார். 1958இல் இருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார். நம் ஆளும் டச்சுப் பூவும் ஒரே இடத்தில் வந்தது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் இந்தியத் தாமரைகள் என்று ஒரு குகை, 1966இல் கட்டியது, அதன் கதையை எழுதியவர் பெல்ஜியத்தின் ராணி ஃபாபியோலா. அங்கே தவளைகள் வாத்தியம் வாசிக்கும், தண்ணீரில் தாமரைகள் விரிந்து உள்ளிருந்து தேவதைகள் எழுந்து ஆடுவார்கள். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் பாதியில் நுழைந்து பாதியில் வெளியே வராமல் முழுதாகப் பாருங்கள்.

இனி பெற்றோர் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு கதை. தீக்குச்சி விற்கும் சிறுமி. 2004இல் சேர்த்தது. பனியில் நிற்கிற அந்தப் பெண் குச்சியைக் கொளுத்தக் கொளுத்த அவள் ஆசைப்பட்டதெல்லாம் தெரியும், முடிவில் இறந்துபோன அவளுடைய பாட்டி வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கதையை எழுதிய ஆண்டர்சன் அதை மாற்றவில்லை, எஃப்டெலிங்கும் மாற்றவில்லை. சின்னவனை என் கணவர் பக்கத்தில் வேறு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெரியவளுக்கு இந்தக் கதையை முன்னாலேயே, முடிவோடு சேர்த்து, சொல்லியிருந்தோம். பார்க்கிறாயா என்று கேட்டோம், பார்க்கிறேன் என்றாள். பார்த்து முடித்ததும் அவள் அழவில்லை, கோபப்பட்டாள். “ஏன் அப்பத்தா ஒருத்தர்கூட வாங்கல?” அத்தை அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, “நம்ம அந்தப் பக்கமாப் போயிருந்தா வாங்கியிருப்போம்ல, வீட்டுக்கும் கூட்டிட்டு வந்திருப்போம்” என்றார். “அந்தப் பாட்டி எங்க கூட்டிட்டுப் போறாங்க?” “சாமிகிட்ட. அங்க குளிராது.” “சூடா சாப்பாடு?” “அதுவும் உண்டு.” பெரியவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்து நடந்தாள். இதை அழகான பேச்சுக்காகச் சொல்லவில்லை. கதைக்காடு என்றாலே சிரிப்பும் பூவும்தான் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது, பழைய கதைகளில் சாவு இருக்கிறது, பசி இருக்கிறது, காட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்னோ ஒயிட் அசையாமல் கிடக்கிறாள், ஹான்ஸல் கூண்டுக்குள் இருக்கிறான். பிள்ளை கேட்கும்போது பதில் சொல்ல உங்களுக்கு நேரமும் உட்கார ஒரு இடமும் வேண்டும். ரைடுக்கு நேரமாகிவிட்டது வா என்று இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கேள்வி ராத்திரி படுக்கையில் வரும்.

குப்பைத்தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹோலே போலே ஹைஸ் என்று தின்னப் பிறந்த ஒரு குண்டு மனிதன், பூங்காவில் பல இடங்களில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். “பாபீர் ஹீர்”, காகிதம் இங்கே, என்று கூவிக்கொண்டே இருப்பான். வாய்க்குப் பக்கத்தில் காகிதத்தைக் கொண்டுபோனால் உறிஞ்சி இழுத்துக்கொண்டு நன்றி சொல்வான். இதுவும் பீக் வரைந்ததுதான், 1950களின் கடைசியில். குப்பை போடாதே என்று ஒரு பலகைகூட வைக்காமல், தரையில் கிடக்கிற காகிதத்தையெல்லாம் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கிக் கொண்டுவந்து போடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். சின்னவன் அன்று முழுக்க இதைத்தான் செய்தான். ஒரு பை நிறைய பழைய காகிதம், பில், பிஸ்கட் உறை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை, காகிதம் தீர்ந்துபோனால் கையில் இருக்கிற வரைபடம் போய்விடும். அதே மாதிரி கொஞ்சம் சில்லறை நாணயங்களும் வேண்டும். நாணயம் போட்டால் பின்பக்கத்திலிருந்து நினைவுக் காசு போடுகிற கழுதையும், முட்டை இடுகிற கோழியும் இருக்கின்றன. வங்கி அட்டையிலேயே வாழ்ந்து பழகின நம் கையில் சில்லறை இருப்பதில்லை.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோகலாம், தடை இல்லை. டச்சுக்காரர்களே ரொட்டியும் சீஸும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். அத்தை விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்துவிட்டார், சின்னவனுக்குத் தயிர்சாதம். மர மேஜைகள் நிறைய இருக்கின்றன, பன்னிரண்டு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் இடம் கிடைக்கும். உள்ளே வாங்குவதென்றால் உருளைக்கிழங்கு பொரியல், பான்கேக், பொஃபர்ச்சஸ் என்கிற குட்டிப் பணியாரம் எல்லாம் உண்டு, ஆனால் பான்கேக்கிலும் பொஃபர்ச்சஸிலும் வழக்கமாக முட்டை இருக்கும், சுத்த சைவக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். மழைச்சட்டை ஆளுக்கு ஒன்று, குடை வேண்டாம், கூட்டத்தில் குடையும் தள்ளுவண்டியும் ஒத்துவராது. ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும். பெரியவளின் மணிக்கட்டில் என் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிட்டோம், சின்னவனுக்கும்தான். இங்கே பல பெற்றோர்கள் செய்வது இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் ரைடுகள் பக்கம் போனோம். உயர விஷயத்தை முன்கூட்டியே வீட்டில் முடித்துவிடுங்கள். மரத்தால் கட்டிய, இரண்டு வண்டிகள் பந்தயம் ஓடுகிற யோரிஸ் கோஸ்டருக்கு 110 சென்டிமீட்டர் வேண்டும், பைத்தானுக்கும் இருட்டில் ஓடுகிற ஃபோகல் ரோக்குக்கும் 120, செங்குத்தாகச் சுரங்கத்துக்குள் விழுகிற பாரோன் 1898க்கு 132. வீட்டுச் சுவரில் அளந்து, உனக்கு இது உண்டு, இது அடுத்த வருஷம் என்று பெரியவளுக்குச் சொல்லிவிட்டதால் வாசலில் எந்த ஏமாற்றமும் இல்லை. பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள, ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறுகிற வசதியும் பெரிய ரைடுகளில் உண்டு, வாசலில் இருக்கிற பணியாளரிடம் கேட்டால் சொல்வார்கள். என் கணவர் பாரோனுக்குப் போய்வந்தார், எனக்கு ஆசை இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்து நல்லவை இவை: லாஃபன் என்கிற குள்ள மக்களின் கிராமம், அங்கே நத்தைக் கூட்டில் உட்கார்ந்து கிராமத்துக்கு மேலேயே தண்டவாளத்தில் சுற்றி வரலாம். அன்டன் பீக் சதுக்கத்தில் இருக்கிற பழங்காலத்துக் குட்டி ராட்டினங்கள். அப்புறம் அந்த நீராவி ராட்டினம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது, 1956இல் எஃப்டெலிங்குக்கு வந்தது, பெரிய மாளிகைக்குள் வாத்திய இசையோடு சுற்றுகிறது. குதிரையில் பிள்ளைகள் ஏற, அத்தை பக்கத்தில் சாரட்டு மாதிரி இருந்த இருக்கையில் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சிம்பொலிகா 2017இல் திறந்த மாளிகை, பார்டூஸ் என்ற கோமாளி கூட்டிக்கொண்டு போவான், வண்டிக்குத் தண்டவாளமே கிடையாது, தரையில் தானாகத் திரும்பித் திரும்பி ஓடும். அதற்குக் கூட்டம் அதிகம், மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கைபேசிச் செயலியில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் பரவாயில்லை. ஃபாட்டா மோர்கானாவை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். அரபு நகரத்துக்குள் படகில் போவது, வேலைப்பாடு அருமை, ஆனால் இருட்டும் சிறைக் கைதிகளும் மூன்று வயதுக்குக் கொஞ்சம் கனம். பெரியவளும் அப்பாவும் மட்டும் போனார்கள்.

அந்த நேரத்தில் நானும் அத்தையும் சின்னவனும் ரயிலில் ஏறினோம். உண்மையான நீராவி ரயில், பூங்காவைச் சுற்றி வரும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் இந்த ரயிலையும், ஏரியில் மெதுவாக நகர்கிற கொண்டோலெட்டா படகையும் மத்தியானத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த மாதிரியும் ஆச்சு, பார்த்த மாதிரியும் ஆச்சு. இடம் பெரியது, நடை அதிகம். நடக்கவே சிரமப்படுகிறவர் என்றால் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளத் தயங்காதீர்கள், காட்டின் பாதைகள் எல்லாம் உருட்டிக்கொண்டு போகத் தோதானவைதான். சின்னவன் நடக்கிற பிள்ளை என்றாலும் தள்ளுவண்டி கொண்டுபோயிருந்தோம், மூன்று மணிக்கு அதில் தூங்கிவிட்டான், அந்தத் தூக்கம் இல்லையென்றால் சாயங்காலம் என்று ஒன்று எங்களுக்கு இருந்திருக்காது.

எந்த மாதம் என்று கேட்கிறவர்களுக்கு: 2010 முதல் வருஷம் முழுக்கத் திறந்திருக்கிறது, குளிர்காலத்தில் விளக்கும் நெருப்பும் மூட்டி வேறு அழகோடு இருக்கும். ஆனால் ஊரிலிருந்து வந்த பெரியவர்களோடு என்றால் ஜூன் மாதமோ, பள்ளிகள் திறந்த பின் செப்டம்பரோ நல்லது, வெளிச்சம் நீளம், காற்று அவ்வளவாக அடிக்காது. கார் இல்லாதவர்கள் டில்பர்க் அல்லது டென் போஸ் ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம், பூங்கா வாசல் பக்கமே நிற்கும். சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள், நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரவே நேரமாகும். நாங்கள் அவசரப்படாமல் ஏரிக்கரையில் அக்வானூரா நீர்க்காட்சியைப் பார்த்தோம், பெரிய தவளைகள் தண்ணீரைப் பீய்ச்ச, விளக்கும் இசையும் சேர்ந்து ஆடும். அது முடிந்த பிறகும் பெஞ்சிலேயே இருந்து மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு நிறுத்துமிடத்திலேயே இரவு உடை மாற்றி, பல்லும் துலக்கிவிட்டுக் கிளம்புங்கள், வீட்டுக்கு வந்ததும் தூக்கிப் படுக்கையில் போட்டால் போதும்.